விருந்து முடிந்து மூன்றாம் நாள்

பப்புவா நியூகினியின் மேட்டுநில ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வைத்தியருக்கு, எந்தக் குலம் எந்த மாதம் பன்றி அடிக்கப்போகிறது என்ற செய்தி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வார்டில் இந்தச் செய்தியைச் சேகரித்து வந்தவர் தலைமைத் தாதி. சந்தைக்குப் போய்வரும்போதே விசாரித்துவிடுவார். "அடுத்த கிழமை மேலே மூன்று ஊரில் பன்றி, டொக்டர்" என்று அவர் சொன்னால் சேலைன் போத்தல்களை எண்ணுவோம். சிறுபிள்ளைகளுக்கான மூக்குக் குழாய் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்போம். ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்புவோம். விருந்து முடிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள்.

நான் அங்கே போனது 1978இல். 1975 செப்டம்பரில் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு ஆஸ்திரேலிய வைத்தியர்கள் ஒருவர் பின் ஒருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இடங்களை நிரப்ப இலங்கை, இந்தியா, பிலிப்பைன்ஸ் என்று பல திசைகளிலும் ஆள் எடுத்தார்கள். கொழும்பில் என்னோடு படித்தவர்கள் சிலரும் விண்ணப்பித்தார்கள். அவர்களுக்குத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பி கிடைத்தது, எனக்கு மலை கிடைத்தது. சிம்பு மாகாணம், குண்டியாவா. மலை முகட்டில் வெட்டிய ஓடுதளத்தில் சிறிய விமானம் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளாத வெளியூர்க்காரரை நான் பார்த்ததில்லை.

நோயை அங்கே 'பிக்பெல்' என்பார்கள். டோக் பிசின் பேசும் யாருக்கும் விளக்கம் தேவையில்லாத பெயர், பன்றி வயிறு. பிள்ளைக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, பிறகு வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், அதன்பின் வயிறு ஊதி எல்லாம் நின்றுபோதல். குடலின் மேற்பகுதி உயிரோடு இருக்கும்போதே அழுகுகிறது. சில பிள்ளைகள் ஒரே நாளில் போய்விடும். வேறு சிலர் கிழமைக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்து, குடல் சுருங்கி அடைபட்டு, எலும்பும் தோலுமாக வந்து சேர்வார்கள். ஒரு காலத்தில் மேட்டுநிலத்தில் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் சாவுக்கு இது முன்னணிக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. மரல், ரோத் என்ற இரண்டு வைத்தியர்கள் 1963இல் இதை ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதும்வரை வெளியுலகத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து மாகாணத்தின் கொரொக்கா நகரத்துக்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். எல்லோரும் கூரு நோயைப் பற்றித்தான் கேட்பார்கள். இறந்தவர்களின் உடலை உண்ட சடங்கோடு சேர்ந்த மூளை நோய், 1976இல் நோபல் பரிசும் வாங்கித் தந்தது. பிக்பெல்லைக் கேட்டு வந்தவர்கள் குறைவு. பிள்ளைகள் வயிற்றுவலியில் சாவதில் அப்படியென்ன கவர்ச்சி இருக்கப்போகிறது?

விருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்றி அங்கே சொத்து, பரிசம், சமாதான உடன்படிக்கை எல்லாமே. வருடக்கணக்காகப் பெண்கள் தங்கள் குடிசையிலேயே வைத்து வளர்த்த பன்றிகளை ஒரே நாளில் வரிசையாகக் கட்டி அடிப்பார்கள். குடலை ஓடையில் அலசுவார்கள். நிலத்தில் குழி தோண்டி, நெருப்பில் பழுத்த கற்களைப் போட்டு, வாழையிலை பரப்பி, இறைச்சியும் கீரையும் கிழங்கும் அடுக்கி மண்ணால் மூடுவார்கள். இதுதான் 'முமு'. மேலே இருப்பது வெந்துவிடும், நடுவில் கிடக்கும் பெரிய துண்டு வேகுமா என்பது கல்லின் சூட்டைப் பொறுத்தது. அந்த உயரத்தில் தண்ணீர்கூட நூறு பாகையைத் தொடாமலே கொதிக்கிறது. பங்கிட்ட இறைச்சி அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் தோளில் பயணம் போகும், இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிடுவார்கள். எனக்கும் பலமுறை பங்கு வந்தது. நன்றாக வெந்த ஓரத்தைத் தேர்ந்து தின்பேன். ருசியில் குறையே சொல்ல முடியாது.

சிகிச்சையின் முதல் விதி, வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது. மூக்குவழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வோம். சேலைன் ஏற்றுவோம். பெனிசிலினும் குளோரம்பெனிக்கோலும் ஊசியாகப் போகும். ஓரிரு நாள் பார்ப்போம், அடங்காவிட்டால் கத்தி. எழுதும்போது இலகுவாக இருக்கிறது. வார்டில் அது பாட்டிமாரோடு நடக்கும் போராட்டம். ஒரு பிள்ளைக்குத் துணையாக ஒரு குடும்பமே வந்து கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும். பிள்ளை பசிக்கிறது என்று முனகினால் பாட்டியின் கை தானாகவே பிலும் பைக்குள் போகும். அந்த நூல் பையில் எப்போதும் சுட்ட கிழங்கு இருக்கும். எங்கள் தலைமைத் தாதி காலைச் சுற்றில் முதலில் பைகளைச் சோதிப்பார், பிறகுதான் வெப்பமானியை எடுப்பார். "சாகப்போகிற பிள்ளைக்குச் சாப்பாடு மறுக்கிற நீ எந்த ஊர்க்காரி?" என்று ஒரு பாட்டி அவரிடம் கேட்டது நினைவிருக்கிறது. "உன் ஊர்க்காரிதான். அதனால்தான் பையைப் பார்க்கிறேன்" என்றார்.

பிள்ளை இறந்துவிட்டால் இன்னொரு சிக்கல். விருந்து கொடுத்தது வேறு குலமாக இருந்தால், சான்றிதழில் பிக்பெல் என்று எழுதியதைக் காட்டி இழப்பீடு கேட்கப் போவார்கள். அது சண்டையாக மாறுவதற்கு அதிகம் தேவையில்லை. உண்மையை எழுதாமல் விட முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டு, இரு தரப்புப் பெரியவர்களையும் மரத்தடியில் உட்காரவைத்து, அதே இறைச்சியை நூறு பேர் சாப்பிட்டார்களே, ஏன் இந்தப் பிள்ளைக்கு மட்டும் வந்தது என்று பேசத் தொடங்குவேன். சமாதானத்துக்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் இந்த நோயில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

அதற்கான விடையைத் தேடியவர்களுள் முக்கியமானவர் கிரெகர் லோரன்ஸ். நோயை உண்டாக்குவது குளோஸ்ட்ரிடியம் வெல்கி என்ற பக்டீரியாவின் சி வகை, இப்போது பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்கிறார்கள். மண்ணிலும் பன்றிக் குடலிலும் மனிதக் குடலிலும் இருக்கிறது. அதன் வித்திகள் கொதிநிலையையும் தாங்கக்கூடியவை. அது வெளியிடும் பீட்டா நச்சுதான் குடலைக் கொல்கிறது. அந்த நச்சு ஒரு புரதம். நம்முடைய கணையம் சுரக்கும் டிரிப்சின் அதை வெட்டிப் போட்டுவிடும். நாளும் மீனோ பருப்போ பாலோ சாப்பிடுகிறவர் வயிற்றில் இந்த நச்சு உருவானாலும் நிலைக்காது.

மேட்டுநிலத்துப் பிள்ளையின் கதை வேறு. காலையும் மாலையும் கவுகவு, அதாவது நாங்கள் வற்றாளங்கிழங்கு என்றும் தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளி என்றும் சொல்வது. யாழ்ப்பாணத்தில் அது மாலைப் பலகாரம். அங்கே அதுதான் சோறு, கறி, எல்லாம். புரதம் மிகக் குறைவு என்பதால் கணையம் டிரிப்சினைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. சுரக்கிற கொஞ்சத்தையும் முடக்கும் ஒரு பொருள் அந்தக் கிழங்கிலேயே இருக்கிறது, சூட்டில் முழுவதும் அழிவதில்லை. போதாததற்கு வயிறு நிறைய வட்டப்புழு. அந்தப் புழுவும் தன்னைச் செரிமானத்திலிருந்து காத்துக்கொள்ள டிரிப்சினை முடக்கும் பொருளைச் சுரக்கிறது. இப்படி மாதக்கணக்காகத் தயாரான குடலில் ஒரே நாளில் இறைச்சி மலையாக வந்து விழுகிறது. பக்டீரியாவுக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது.

இதைச் சோதனைக்கூடத்திலும் காட்டினார்கள். கினிப் பன்றிகளுக்கு அந்தக் கிருமியை மட்டும் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. டிரிப்சினை முடக்கும் உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது அதே நோய் வந்தது. கால்நடை வைத்தியர்களுக்கு இது அவ்வளவு புதிதாக இருந்திருக்காது. பிறந்து சில நாளே ஆன பன்றிக்குட்டிகள் இதே சி வகைக் கிருமியால் இரத்தக் கழிச்சல் கண்டு சாவதை அவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வந்தவர்கள். தாய்ப்பன்றியின் சீம்பாலில் டிரிப்சினை முடக்கும் பொருள் இருக்கிறது. மனித வைத்தியர்கள் அவர்களோடு இன்னும் அடிக்கடி தேநீர் குடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஐரோப்பாவிலும் இது வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946 முதல் வட ஜெர்மனியில் லூபெக், ஹம்பர்க் பக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்களைத் தாக்கியது. பசியில் கிடந்து, உருளைக்கிழங்கைத் தின்று நாளைக் கழித்த மக்கள், எங்கோ கிடைத்த இறைச்சியை ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள். நாட்டில் சாப்பாடு சீரானதும் நோய் போய்விட்டது. 80களில் தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதி முகாம் பிள்ளைகளிடமும் கண்டார்கள்.

இந்த வரிசையை வைத்துப் பார்த்து, எங்கள் மனதில் ஒரு நோயாளியின் உருவம் பதிந்துவிட்டது. பிள்ளை. மெலிந்த உடல். கிழங்குச் சாப்பாடு. வயிற்றில் புழு. நேற்று முன்தினம் விருந்து.

1980இல் தடுப்பூசி வந்தது. பீட்டா நச்சை வீரியம் நீக்கி இங்கிலாந்தின் வெல்கம் ஆய்வுகூடம் தயாரித்தது, அதற்கு முன் 70களில் மேட்டுநிலத்திலேயே பரிசோதித்திருந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்துப் போட்டோம். மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியில் வைத்த மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, ரோட்டு முடிகிற இடம்வரை லாண்ட்ரோவர், அதற்குப் பிறகு கால்நடை. மழை பெய்தால் ஒரு ஆறு குறுக்கே நின்று அன்றைய வேலையை ரத்துச் செய்துவிடும். இந்த ஊசிக்குத் தாய்மாரை அழைத்துவர நாங்கள் பாடுபடவே இல்லை. தட்டம்மை ஊசிக்குத் தயங்கியவர்கள்கூடப் பிக்பெல் ஊசி என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வந்தார்கள்.

சில வருடங்களில் வார்டு மாறியது. பெரிய பன்றி விருந்து முடிந்தும் மூன்றாம் நாள் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. மேட்டுநில ஆஸ்பத்திரிகளில் பிக்பெல் அனுமதிகள் முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டதாக 1990இல் லான்செட் இதழில் கணக்கு வந்தது. நாங்கள் ஏற்கெனவே கண்ணால் கண்டிருந்தோம். எனக்குப் பின் வந்த இளம் வைத்தியர்கள் அந்த நோயைப் பார்க்காமலே பயிற்சி முடித்துப் போனார்கள்.

90களின் முதல் பாதியில் நான் கடற்கரையில் ஒரு துறைமுக நகரத்துக்கு மாறினேன். அங்கேதான் அந்த மனிதர் வந்தார். ஐம்பதை நெருங்கும் அலுவலக உத்தியோகத்தர். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். நல்ல பருமன். பல வருடமாகச் சலரோகம், மாத்திரையை நினைத்தபோது போடுவார். வயிற்றுவலியும் இரத்தக் கழிச்சலுமாக வந்தார், இரத்தச் சர்க்கரை எங்கோ போய் நின்றது. சத்திரசிகிச்சை நிபுணர் குடலுக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கும் என்று கணித்தார். சலரோகக்காரர், நடுவயது, இப்படி வலி என்றால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நினைக்கவும் வேண்டும்.

வயிற்றைத் திறந்தார்கள். சலரோகத்தைக் கவனிக்க வந்த நான் ஓரமாக நின்றேன். குழாய்கள் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. அடைப்பில்லை. ஆனால் குடலின் மேற்பகுதி கட்டுவிரியன் தோல் போல ஒரு பட்டை கறுப்பு, ஒரு பட்டை நல்ல நிறம் என்று மாறிமாறிக் கிடந்தது. சுவருக்குள் காற்றுக் குமிழிகள். கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாதி சிம்புக்காரப் பெண். முகமூடிக்குள்ளிருந்து, "பிக்பெல்" என்றார். நிபுணர் சிரித்தார். "இவர் கடற்கரைக்காரர், அம்மா. கிழங்கே தின்னாதவர்." தாதி வாதாடவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, நல்ல நுனிகளைத் தைத்தார்கள். மனிதர் பிழைத்துவிட்டார். வெளியே வந்து அவருடைய மனைவியிடம் உட்கார்ந்தேன். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் மேட்டுநிலத்துக்காரர் ஒருவர் வீட்டில் கல்யாணப் பரிசம் நடந்திருக்கிறது. முமு போட்டிருக்கிறார்கள். பன்றிக் குடலும் இறைச்சியும் அங்கேயே சாப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்த பங்கை மறுநாளும் சாப்பிட்டிருக்கிறார். வழக்கமான சாப்பாடு என்ன என்று கேட்டேன். சோறு, தகரத்து மீன், பாண், பிஸ்கற், இனிப்புத் தேநீர். மலத்தில் புழு முட்டை இல்லை. கிருமியின் வகையைப் பிரித்துப் பார்க்கும் வசதி எங்களுக்கு இருக்கவில்லை. போமலினில் போட்டு அனுப்பிய குடல் துண்டுக்கு, திசு அழிவு என்று ஒரே வரியில் அறிக்கை வந்தது. கோப்பில் காரணம் தெரியாத குடல் அழுகல் என்று பதிந்தார்கள். சட்டப்படி சரியான பதிவு. எனக்கும் தாதிக்கும் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இல்லாவிட்டாலும் கணக்கு இடித்தது. மீன் தின்கிறவர் குடலில் டிரிப்சின் எங்கே போனது?

பதில் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அட்லாண்டா வைத்தியர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார்கள். 12 வயது. சலரோகம், கட்டுப்பாட்டில் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பன்றிக் குடலைக் கழுவி அவித்துச் சாப்பிடும் பழக்கம் உண்டு, சிட்லின்ஸ் என்பார்கள். அதைச் சாப்பிட்ட பிறகு பையனுக்குக் குடல் அழுகியிருக்கிறது. வெட்டி எடுத்த திசுவில் மரபணுச் சோதனை செய்து சி வகைக் கிருமியை உறுதிப்படுத்தினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். நாள்பட்ட சலரோகத்தில் குடலின் அசைவு மந்தமாகி உணவு தங்கிவிடுகிறது, கணையம் சுரக்கும் செரிமான நொதிகளும் குறைகின்றன. நச்சுக்கு நேரமும் கிடைக்கிறது, எதிர்ப்பும் இல்லை. 2007இல் ஜப்பானிலிருந்தும் சலரோகமுள்ள ஒரு பெரியவரைப் பற்றி இதேபோன்ற அறிக்கை வந்தது. இரண்டு இடத்திலும் கிழங்கை மட்டுமே நம்பிய வாழ்க்கை கிடையாது.

கட்டுரையைப் படித்துவிட்டு அந்தச் சிம்புத் தாதிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அதற்குள் அவர் ஊரோடு போய்விட்டிருந்தார். நான்கு வரி பதில் வந்தது. அதில் மூன்று வரி பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது.

எனக்கு இதிலிருந்து மாறியது நோயாளியிடம் கதை கேட்கும் முறை. வயிற்றுவலி என்று வருகிறவரிடம் கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று எல்லா வைத்தியரும் கேட்கிறோம். அந்த ஒரு வேளை குற்றவாளியைக் காட்டும். அது ஏன் இவரிடம் மட்டும் வேலை செய்தது என்பதை அறிய, அதற்கு முந்திய மாதங்களின் சாப்பாட்டையும் கணையத்தையும் பற்றிக் கேட்க வேண்டும். இன்று பப்புவா நியூகினியின் நகரங்களில் இந்தக் கேள்வி இன்னும் அவசியமாகிவிட்டது. போர்ட் மோர்ஸ்பியின் கோக்கிப் பகுதியில் வாழும் வானிகேலா மக்களிடம் சலரோகம் மிக அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேட்டுநிலத்து நகரங்களிலும் அரிசியும் சோடாவும் ஏறிவிட்டன. பன்றி விருந்தோ குறையவில்லை. குறையவும் வேண்டாம். அந்த மக்களின் உறவும் கடனும் கௌரவமும் அதில் இருக்கிறது. குடலை நன்றாகக் கழுவி, இறைச்சியைச் சிறு துண்டாக வெட்டி, மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காமல் சாப்பிட்டால் ஆபத்து பெரும்பாலும் குறைந்துவிடும்.

தடுப்பூசியின் கதை அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அதை வாங்கிய நாடு ஏறத்தாழ ஒன்றே ஒன்று, அதுவும் ஏழை நாடு. 90களில் தயாரிப்பு நின்றுபோனது. இருப்பு தீர்ந்த பிறகு அந்த ஊசி எந்தக் குழந்தைக்கும் போடப்படவில்லை. நோய் பழைய வேகத்தோடு திரும்பவில்லை என்றாலும் மேட்டுநில ஆஸ்பத்திரிகளில் பிக்பெல் இன்னும் வருகிறது, அதை முன்பின் பார்த்திராத வைத்தியர்களின் கைக்கு வருகிறது. இதே சி வகை நச்சுக்கு எதிரான தடுப்பூசி உலகச் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. பண்ணைகளில் சினையாக இருக்கும் தாய்ப்பன்றிகளுக்கு, குட்டிகளைக் காப்பாற்ற, அதைப் போடுகிறார்கள்.